ஒரு கலர் படமும் 678 கன்னியாஸ்திரீகளும்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். ஒரு ஸ்கேன் படத்துக்கு யாராவது விமர்சனம் எழுதியிருக்கிறார்களா? இந்த வாரம் எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். காரணம், படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாபகமறதி பற்றி எந்தப் பத்திரிகையில் எந்தக் கட்டுரை வந்தாலும் கூடவே வருகிற படம்தான். குறுக்கே வெட்டிய மாதிரி இரண்டு மூளைகள், பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கத்து மூளை சாந்தமான நீலம். வலது பக்கத்து மூளையில் சிவப்பும் மஞ்சளும் பற்றி எரிகின்றன. கீழே 'நார்மல்', 'அல்ஸைமர்' என்று இரண்டே வார்த்தை வசனம். அறுபதைத் தாண்டியவர்கள் பார்த்தவுடன், 'நம்ம மண்டைக்குள்ள என்ன கலரோ!' என்று ஒரு கணம் யோசிப்பார்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று அன்று காலை தேடியிருந்தால் இரண்டு கணம்.

படத்தை மட்டும் தனியாக விமர்சித்தால் நியாயமாக இருக்காது. அதனால் கூடவே ஒரு புத்தகத்தையும் எடுத்துக்கொள்கிறேன். டேவிட் ஸ்னோடன் என்கிற அமெரிக்க எபிடெமியாலஜிஸ்ட் 2001-ல் எழுதிய 'ஏஜிங் வித் கிரேஸ்'. கன்னியாஸ்திரீகளின் மூளைகளைப் பற்றியது. படம் ஒரு பாட்டுப் பாடுகிறது, புத்தகம் எசப்பாட்டு பாடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதலில் படம்.

1906 நவம்பரில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்தில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் அலோய்ஸ் அல்ஸைமர் ஒரு பெண்ணின் மூளையைப் பற்றிப் பேசினார். அகுஸ்டே டீட்டர் என்ற அந்தப் பெண், 1901-ல் 51 வயதில் ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர். 1906 ஏப்ரலில் இறந்துபோனார். மூளையை மெல்லியதாகச் சீவி, வெள்ளிச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் இரண்டு சமாசாரங்கள் தெரிந்தன. நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள். செல்களுக்கு உள்ளே சிக்குப் பிடித்த நூல்கண்டுகள். வெளியே இருப்பது அமிலாய்டு, உள்ளே இருப்பது டாவ், இரண்டும் புரதங்கள் என்பது 1980-களில்தான் தெளிவாயிற்று.

இதில் ஒரு சங்கடம். ஒருவருக்கு வந்திருப்பது அல்ஸைமர்தானா என்று அடித்துச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அவர் செத்துப்போக வேண்டும். அப்புறம் மூளையை எடுத்துச் சீவிப் பார்த்து, 'ஆமாம், அதேதான்' என்று சொல்லலாம். சொல்லி என்ன பிரயோஜனம்? உயிரோடு இருப்பவர் விஷயத்தில் டாக்டர்கள் பேச்சுக் கொடுத்து, பரீட்சை வைத்து, மற்ற வியாதிகளை ஒவ்வொன்றாக விலக்கி, ஒரு நல்ல ஊகத்துக்கு வருவார்கள். இப்படியே சுமார் நூறு வருஷம் ஓடியது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் க்ளங்க் என்ற டாக்டரும் செஸ்டர் மாதிஸ் என்ற வேதியியல் நிபுணரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தையோஃப்ளேவின் என்று ஒரு மஞ்சள் சாயம் உண்டு. மூளைச் சீவலில் அதைத் தடவினால் அமிலாய்டு இருக்கும் இடம் மினுங்கும். இறந்த மூளையில் வேலை செய்யும் இந்தச் சாயத்தை, உயிரோடு இருப்பவரின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைகிற மாதிரி மாற்றியமைத்து, அதில் கதிரியக்கமுள்ள கார்பன்-11 அணுவைப் பொருத்தினார்கள். பெயர், 'பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி'. முதல் மனிதருக்கு அதைச் செலுத்திப் படம் எடுத்தது 2002-ல், ஸ்வீடனில் உப்சாலா நகரத்தில். 16 நோயாளிகள், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 9 பேர் என்று ஆய்வு முடிவு வெளியானது 2004-ல். செத்தால்தான் தெரியும் என்றிருந்த விஷயம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் மனிதரிடமே தெரிந்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை.

கார்பன்-11-க்கு ஆயுசு கம்மி. இருபது நிமிஷத்தில் பாதி காலி. ஆஸ்பத்திரிக்குள்ளேயே சைக்ளோட்ரான் இருந்தால்தான் உபயோகம். அதனால் 110 நிமிஷத்தில் பாதியாகும் ஃப்ளோரின்-18-க்கு மாறினார்கள். காரில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பலாம். 2012-ல் 'அமிவிட்' என்ற பெயரில் ஒன்றுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. டாவ் புரதத்தைக் காட்டும் மருந்துக்கு அனுமதி 2020-ல்.

எடுக்கும் விதம் சுலபம். கையில் ஒரு ஊசி. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வளையம் போன்ற மெஷினுக்குள் தலையை வைத்துப் படுக்க வேண்டும். மருந்திலிருந்து கிளம்பும் பாசிட்ரான், பக்கத்திலுள்ள எலெக்ட்ரானில் மோதி இரண்டும் அழியும். அழிகிற இடத்திலிருந்து இரண்டு காமா கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் பாயும். வளையத்தில் இரண்டும் எங்கே பட்டன என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, எந்த இடத்தில் எவ்வளவு மருந்து ஒட்டியிருக்கிறது என்று சொல்லும்.

கவனியுங்கள். கம்ப்யூட்டர் சொல்வது எண்களை. கலரை அல்ல.

விமர்சகனுக்கு வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மூளைக்குள் சிவப்பு எங்கேயும் எரியவில்லை. இந்த எண்ணுக்கு மேல் போனால் சிவப்பு, இதற்குக் கீழே நீலம் என்று ஒருவர் முடிவு செய்து பூசியது அது. 'அமிவிட்' படத்தைக் கறுப்பு வெள்ளையில்தான் படிக்க வேண்டும் என்பது அந்த மருந்துக்கான விதி. 'விஸாமில்' என்று இன்னொரு மருந்து, அதே அமிலாய்டைத்தான் காட்டுகிறது. அதைக் கலரில் படிக்க வேண்டும் என்பது அதற்கான விதி. அதே வியாதி, ஒரு தியேட்டரில் கறுப்பு வெள்ளை, பக்கத்துத் தியேட்டரில் ஈஸ்ட்மென் கலர்.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் படிக்கிற டாக்டர் தேடுவது, பார்த்தால் ரொம்பச் சாதுவான விஷயம். அமிலாய்டே இல்லாத மூளையிலும் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியில் இந்த மருந்து கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அதாவது நார்மல் படம் துடைத்துவிட்ட மாதிரி இருக்காது. வெளிப்புறத்துச் சாம்பல் பகுதிக்கும் உள்ளே உள்ள வெள்ளைப் பகுதிக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரிகிறதா, கலைந்துபோயிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கலைந்திருந்தால் பாசிட்டிவ். தெளிவாக இருந்தால் நெகட்டிவ். நடுவில் இரண்டுங்கெட்டானாகவும் சில வரும்.

2015-ல் க்ளங்க் குழுவினரே 'சென்டிலாய்டு' என்று ஓர் அளவுகோலும் கொண்டுவந்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்களின் சராசரி பூஜ்யம். வழக்கமான அல்ஸைமர் நோயாளியின் சராசரி நூறு. நடுவில் எத்தனையோ படிகள். பத்திரிகையில் வரும் ஜோடிப் படம் அந்த ஏணியின் அடிப்படியில் ஒருவரையும் உச்சிப்படியில் ஒருவரையும் நிறுத்திவிட்டு, நடுவில் நிற்கிற ஊரையே கட்டம் கட்டி வெட்டிவிடுகிறது. எடிட்டிங் என்றால் இதுதான் எடிட்டிங்.

குறை சொல்வதற்கு முன்னால் நிறையையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே மறதி வந்து வீட்டில் அவஸ்தை ஆரம்பித்த ஒருவருக்கு இந்த ஸ்கேன் நிஜமாகவே உதவும். பாபினியூஸுமாப் என்று ஒரு மருந்தை அல்ஸைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவுகள் வந்தன. மருந்து தோல்வி. அது போகட்டும். அந்தப் பரிசோதனையில் சிலருக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். ஏபிஓஈ-4 என்ற ஆபத்து ஜீன் இல்லாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மூளையில் அமிலாய்டே இல்லை! டாக்டர்கள் கைராசியோடு கண்டுபிடித்த 'அல்ஸைமர்', வேறு ஏதோ ஒன்று. இல்லாத அமிலாய்டைத் துரத்த மருந்து ஏற்றியிருக்கிறார்கள். அடுத்து, 'ஐடியாஸ்' என்ற அமெரிக்க ஆய்வு, 11,000 பேருக்கு மேல். மறதியின் காரணம் புரியாமல் குழப்பத்தில் இருந்தவர்கள். ஸ்கேன் வந்தபிறகு சுமார் அறுபது சதவீதம் பேருக்கு டாக்டர்கள் கவனிப்பையும் மருந்தையும் மாற்றினார்கள் என்று 2019-ல் அறிவித்தார்கள். நெகட்டிவ் என்று வந்தால் இன்னும் உசத்தி. 'இது அல்ஸைமர் இல்லை, வேற காரணம் தேடுங்க' என்று ஒரு கதவு திறக்கும்.

அப்போ என்னதான் குறை?

குறை, அதே படத்தை மறதியே இல்லாதவருக்கு எடுக்கும்போது வருகிறது. உலகத்தில் பல இடங்களில் எடுத்த ஆய்வுகளைச் சேர்த்து 2015-ல் ஒரு கணக்கு வந்தது. ஞாபகம் நன்றாக இருப்பவர்களிலேயே 50 வயதில் பத்து சதவீதம் பேருக்கு அமிலாய்டு இருக்கிறது. 90 வயதில் 44 சதவீதம் பேருக்கு. பேரன் பேத்தி பெயரெல்லாம் வரிசையாகச் சொல்லுகிற, பாங்க் பாஸ்புக்கைத் தானே சரிபார்க்கிற தொண்ணூறு வயதுப் பாட்டிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் படம் பாசிட்டிவ். அந்தப் பாட்டியின் படத்தின் கீழே என்ன வசனம் எழுதுவது?

இந்த இடத்தில் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது.

ஸ்னோடன் 1986-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மன்கேட்டோ என்ற ஊரில் ஒரு கான்வென்ட்டுக்குப் போனார். 'ஸ்கூல் ஸிஸ்டர்ஸ் ஆஃப் நோத்ர்டாம்' என்ற சபை. பெரும்பாலும் டீச்சர்கள். அவருக்கு ஏன் கன்னியாஸ்திரீகள் என்றால், ஒரே மாதிரி வாழ்க்கை. ஒரே சாப்பாடு, ஒரே வீடு, ஒரே மருத்துவம். சிகரெட் கிடையாது, பிள்ளைப்பேறு கிடையாது. ஆய்வைக் குழப்பும் நூறு சங்கதிகள் தானாகவே கழண்டுபோகின்றன. வருஷாவருஷம் ஞாபகப் பரீட்சை எழுதவும், இறந்தபிறகு மூளையைத் தானம் செய்யவும் சம்மதம் கேட்டார். கேட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் சம்மதித்தார்கள். 678 பேர். வயது 75-லிருந்து 102 வரை. மூளையைக் கொடு என்று கேட்டு இந்த அளவு 'சரி' வாங்கிய ஆய்வாளர்கள் குறைவு.

புத்தகத்தின் கதாநாயகி ஸிஸ்டர் மேரி. 84 வயது வரை ஏதாவது பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 101 வயதில் காலமானார். இறப்பதற்கு முந்தைய ஞாபகப் பரீட்சையில் 30-க்கு 27 மார்க். நம்மில் எத்தனை பேர் எழுபதிலேயே வாங்குவோமோ தெரியாது. மூளையைத் திறந்து பார்த்தால் அமிலாய்டு திட்டுகள் ஏராளம். டாவ் சிக்குகளும் ஏராளம். பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரி அல்ஸைமர் மூளை. பேச்சிலும் நடத்தையிலும் அல்ஸைமரின் சுவடு இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஸிஸ்டர் மேரியின் 95-வது வயதில் இந்த ஸ்கேன் இருந்து, அவரை உள்ளே தள்ளியிருந்தால் படம் பற்றி எரிந்திருக்கும். கீழே 'அல்ஸைமர்' என்று வசனம் எழுதியிருப்பார்கள். தனக்கு வராத ஒரு வியாதியின் பெயரைச் சுமந்துகொண்டு அவர் மீதி ஆறு வருஷத்தைக் கழித்திருப்பார்.

புத்தகத்தில் இன்னொரு ஆச்சரியம், கான்வென்ட்டின் ஃபைல்களில் கிடைத்தது. சபையில் உறுதிமொழி எடுப்பதற்கு முன், சுமார் 22 வயதில், ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்னோடனும் மொழியியல் ஆய்வாளர் சூசன் கெம்ப்பரும் அந்தக் காகிதங்களை எடுத்து, பத்து வார்த்தைக்கு எத்தனை கருத்துகள் என்று எண்ணினார்கள். 93 பேருடைய கட்டுரைகள். அவர்களில் இறந்துபோன 14 பேரின் மூளைகளையும் பார்த்தார்கள். அல்ஸைமர் உறுதியானவர்கள் எல்லோருமே கருத்து நெருக்கம் குறைவாக எழுதியவர்கள். 1996-ல் இது வெளியானபோது உலகம் முழுக்கப் பரபரப்பு. அறுபது வருஷம் முன்னால் எழுதிய ஒரு பக்கம், முதுமையை ஜோசியம் சொல்கிறதா!

நான் புத்தகத்தோடு சண்டை போடுவது இங்கேதான். பதினாலு மூளைகள் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. அதோடு, எது காரணம், எது விளைவு? இளமையில் வளமாக எழுதப் பழகிய மூளை பிற்பாடு தாக்குப்பிடித்ததா, அல்லது 22 வயதிலேயே ஏதோ ஒன்று மெல்ல ஆரம்பித்து எழுத்தை வற்றடித்ததா? ஸ்னோடன் இரண்டு வாய்ப்பையும் சொல்கிறார். ஆனால் சொல்லிவிட்டு அடுத்த ஸிஸ்டரின் கதைக்குப் போய்விடுகிறார். அவருக்குக் கதை சொல்லுவதில் பிரியம் ஜாஸ்தி. எல்லா ஸிஸ்டர்களும் அவருக்கு அத்தைமார்கள் மாதிரி. அதனால் ஜெயித்த அத்தைகளுக்கு அதிகப் பக்கம் கிடைக்கிறது. ஸிஸ்டர் மேரி ஒரு விதிவிலக்கு. திட்டுகளும் சிக்குகளும் நிறைய இருந்த பல ஸிஸ்டர்கள் பெயர் மறந்து, ஆள் மறந்துதான் இறந்தார்கள். அமிலாய்டு ஒன்றும் செய்யாது என்று இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு யாராவது முடிவுகட்டினால், அது அந்தக் கலர் படம் செய்கிற தப்பையே தலைகீழாகச் செய்வது.

புத்தகத்தின் நிஜமான வலு வேறோர் அத்தியாயத்தில் இருக்கிறது. மூளையில் அல்ஸைமர் மாற்றங்கள் போதுமான அளவு இருந்த 61 ஸிஸ்டர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூளையின் ஆழத்தில் ஒன்றிரண்டு குட்டி ஸ்ட்ரோக் தழும்புகளும் சேர்ந்திருந்தவர்களுக்கு மறதிநோய் தெரிவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட இருபது மடங்கு என்று 1997-ல் எழுதினார்கள். 61 பேரை வைத்துப் போட்ட கணக்கு, இருபது என்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை முக்கியம். அமிலாய்டு மட்டும் தனியாக ஆளைச் சாய்ப்பதில்லை. கூட யார் சேர்ந்தார்கள் என்பதும் கணக்கு. அமிலாய்டு ஸ்கேனில் இந்தக் குட்டி ஸ்ட்ரோக்குகள் தெரியாது. படத்தில் இல்லாத அந்த வில்லனைப் பிடிக்க, கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கிற பி.பி. மெஷின் போதும்.

'பழைய கன்னியாஸ்திரீ கதையெல்லாம் இப்ப எதுக்கு சார்?' என்கிறீர்களா? எதுக்கு என்றால், நோயின் பெயரையே மாற்றி எழுதுகிற சண்டை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

2018-ல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு, ஆராய்ச்சிக்காக என்று சொல்லி, அல்ஸைமர் என்பதை இனி மறதியை வைத்துச் சொல்ல வேண்டாம், மூளையில் இருக்கும் புரதத்தை வைத்துச் சொல்லலாம் என்றது. 2024-ல் அல்ஸைமர்ஸ் அசோசியேஷன் கூட்டிய குழு, க்ளிஃபர்ட் ஜாக் தலைமையில், அதை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவந்தது. குறிப்பிட்ட டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் நோய் இருக்கிறது. அறிகுறி தெரிகிறதோ இல்லையோ, நோய் நோய்தான். அதே வருஷம் பாரிஸின் ப்ரூனோ துபுவா தலைமையில் இன்னொரு சர்வதேசக் குழு, 'அதெப்படி? அறிகுறி இல்லாதவரை நோயாளி என்று சொல்லாதீர்கள், ஆபத்து உள்ளவர் என்று சொல்லுங்கள்' என்று மறுத்தது. இரண்டு பக்கமும் பெரிய தலைகள்.

ஜாக் பக்கத்து வாதம் லேசானதல்ல. சர்க்கரை வியாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டால், காலில் புண் வரும் வரையா காத்திருக்கிறோம்? அன்றைக்கே நோய் என்கிறோம். அமிலாய்டும் மறதிக்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னாலேயே சேர ஆரம்பிக்கிறது. சீக்கிரம் பெயர் வைத்தால் சீக்கிரம் வைத்தியம். அறிகுறி இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் இந்த டெஸ்ட்டை எடுக்கச் சொல்லவில்லை என்றும் அதே அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அதையும் சொல்வது நியாயம்.

ஆனால் சர்க்கரை உவமை இரண்டு இடத்தில் நொண்டுகிறது.

முதலாவது, எத்தனை பேருக்கு வரும்? ரான் ப்ரூக்மேயர் என்ற புள்ளியியல் நிபுணர் 2018-ல் ஒரு கணக்குப் போட்டார். அமிலாய்டு மட்டும் உள்ள, ஞாபகம் சரியாக உள்ள 65 வயதுப் பெண்ணுக்கு மீதி ஆயுளில் அல்ஸைமர் மறதிநோய் வருவதற்கான வாய்ப்பு சுமார் 29 சதவீதம். 90 வயதுப் பெண்ணுக்கு எட்டு சதவீதம் சொச்சம். அதாவது, பாசிட்டிவ் படத்தோடு வீட்டுக்குப் போகும் பத்துப் பெண்களில் ஏழு பேர் வேறு எதிலாவது காலமாவார்கள், மறதியில் அல்ல. அமிலாய்டோடு டாவும் சேர்ந்திருந்தால், மூளை சுருங்கவும் ஆரம்பித்திருந்தால், கணக்கு ஏறும். எப்படியானாலும் இது சாத்தியத்தின் கணக்கு. படத்தின் கீழே எழுதியிருக்கும் 'அல்ஸைமர்' என்ற வசனத்தில் சாத்தியம் என்ற வார்த்தையே இல்லை.

இரண்டாவது, வைத்தியம் எங்கே? 2014-ல் 'ஏ-4' என்ற பரிசோதனையைத் தொடங்கினார்கள். 65-லிருந்து 85 வயது, ஞாபகம் நார்மல், ஸ்கேன் பாசிட்டிவ். இப்படி 1,169 பேர். பாதிப் பேருக்கு சோலனெஸுமாப் மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர் மாதிரி ஒன்று. நாலரை வருஷம். 2023-ல் முடிவு: மருந்து ஞாபகச் சரிவைத் தடுக்கவில்லை. அமிலாய்டு அதிகம் இருந்தவர்கள் அதிகம் சரிந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. ஆக, படத்தில் தகவல் இருக்கிறது. அதை மாற்றும் கைமருந்து அங்கே இல்லை.

'அது பழைய மருந்து, திட்டுகளைக் கரைக்கவே கரைக்காது' என்பார்கள். வாஸ்தவம். கரைக்கிற மருந்துகள் வந்துவிட்டன. லெக்கனமாப் 2023-ல், டோனனமாப் 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. லெக்கனமாபை ஆரம்பக் கட்ட மறதி உள்ள 1,795 பேரிடம் பரிசோதித்தார்கள். ஒன்றரை வருஷத்தில் மருந்து எடுத்தவர்களின் சென்டிலாய்டு சராசரி 55 புள்ளி இறங்கியது. படம் பளிச்சென்று வெளுத்துவிட்டது. ஆளுக்கு? 18 புள்ளி உள்ள ஓர் அளவுகோலில், மருந்து எடுக்காதவர்கள் 1.66 சரிந்தார்கள், எடுத்தவர்கள் 1.21 சரிந்தார்கள். வித்தியாசம் 0.45. '27 சதவீதம் குறைவு' என்று செய்திகளில் வந்தது இதுதான். பொய்யில்லை. ஆனால் 0.45 என்று தலைப்புப் போட்டால் பத்திரிகை விற்காது. எடுத்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் சொச்சத்துக்கு ஸ்கேனில் மூளை வீக்கமும் தெரிந்தது. பெரும்பாலோருக்கு வெளியே தெரியாத வீக்கம்தான், சிலருக்கு அப்படியல்ல.

என் விமர்சனத்தின் மையம் இதுதான். படமும் மனிதரும் ஒரே வேகத்தில் நகரவில்லை. படம் மோசமாக இருந்தும் ஸிஸ்டர் மேரி நன்றாக இருந்தார். படம் பிரமாதமாகத் தேறியும் நோயாளி கொஞ்சம்தான் தேறினார். அப்படியானால் படத்தையே நோய் என்று அழைப்பது, தெர்மாமீட்டரைக் காய்ச்சல் என்று அழைக்கிற மாதிரி.

இதில் பெயர் வைப்பது வெறும் வார்த்தைச் சண்டையும் அல்ல. அமெரிக்காவில் 2008-ல் வந்த ஒரு சட்டம், உங்கள் ஜீனில் என்ன இருக்கிறது என்று பார்த்து ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியோ முதலாளியோ பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. ஜீனுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. ஸ்கேன் படம் ஜீன் அல்ல. வயதான காலத்துப் பராமரிப்புக்கான இன்ஷூரன்ஸும் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லாத ஒருவரின் ஃபைலில் 'அல்ஸைமர்' என்று ஒரு வார்த்தை ஏறினால், அவர் கார் ஓட்டலாமா, கையெழுத்துப் போடலாமா, உயில் செல்லுமா என்று கேட்க வீட்டிலேயே ஆள் கிளம்புவார்கள். மனசு எப்படித் தாங்குகிறது என்று 'ஏ-4' குழுவினர் பார்த்தார்கள். முடிவைச் சொன்னபிறகு பயமோ துக்கமோ பெரிதாக ஏறவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் முன்கூட்டியே மனநிலை சோதித்து, பாடம் சொல்லி, தயார்ப்படுத்தப்பட்டவர்கள். கவரைப் பிரித்து ரிப்போர்ட்டைத் தானே படிக்கிற மனிதருக்கு அந்த வசதி கிடையாது.

கவர் பிரிக்கும் காலம் நெருங்கியும்விட்டது. 2025 மே மாதம், ரத்தத்திலேயே அமிலாய்டுக்கான அடையாளத்தைக் காட்டும் ஒரு டெஸ்ட்டுக்கு எஃப்.டி.ஏ. வழிவிட்டது. 55 வயதுக்கு மேல், மறதி அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும் என்பது நிபந்தனை. சைக்ளோட்ரானும் வளைய மெஷினும் தேவைப்பட்ட வரைக்கும், செலவே ஒரு காவல்காரனாக வாசலில் நின்றது. ஒரு ட்யூப் ரத்தம் போதும் என்றால் காவல்காரன் போய்விடுவான். மாஸ்டர் செக்கப் பாக்கேஜில் இதையும் சேர்த்துவிட எவ்வளவு நேரமாகும்?

அதனால் உங்களுக்கு இரண்டு வார்த்தை.

வீட்டில் ஒருவருக்கு நிஜமாகவே மறதி வந்து, பழகிய தெருவில் வழி தப்பி, சமையலில் படி மறந்து, கணக்கில் குழம்பினால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தைராய்டு, வைட்டமின் பி-12, மனச்சோர்வு, சாப்பிடுகிற மாத்திரைகள், காது கேட்கிறதா என்பதெல்லாம் முதலில் பார்க்க வேண்டியவை. இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். அதற்குப் பிறகும் புரியவில்லை என்று நரம்பியல் டாக்டர் ஸ்கேன் கேட்டால், அந்தப் படத்துக்கு அர்த்தம் உண்டு.

மறதியே இல்லாமல், 'சும்மா தெரிஞ்சுக்கலாமே' என்று எடுக்க ஆசைப்பட்டால், எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: பாசிட்டிவ் என்று வந்தால் நாளைக் காலையிலிருந்து நான் என்ன மாற்றிச் செய்யப் போகிறேன்? பி.பி., சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பேன், நடப்பேன், சிகரெட்டை விடுவேன், காது மெஷின் மாட்டிக்கொள்வேன், நாலு பேரோடு பேசிப் பழகுவேன் என்பதுதான் பதில் என்றால், அதற்குப் படம் வேண்டாம். 'லான்செட்' பத்திரிகையின் நிபுணர் குழு 2024-ல் கொடுத்த கணக்குப்படி, இப்படிப்பட்ட பதினான்கு காரணங்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்தால், உலகத்து மறதிநோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது. நெகட்டிவ் படம் வந்தவருக்கும் அதே பட்டியல்தான்.

தாக்குப்பிடிக்கும் மூளை கான்வென்ட்டில் மட்டும் இல்லை. ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோய் உள்ள 648 பேரை ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுகிறவர்களைவிட நோய் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. இரண்டாவது மொழிதான் காரணம் என்று இதை வைத்து முடிக்க முடியாது. ஆனாலும் மண்டைக்குள் எவ்வளவு படிந்தது என்பதோடு, படிந்ததை எவ்வளவு தாங்குகிறோம் என்பதும் கதையில் பாதி என்று ஸ்னோடன் சொன்னதற்கு இன்னொரு சாட்சி கிடைக்கிறது. அந்தப் பாதிக்கு அமிலாய்டு ஸ்கேனில் கலர் கிடையாது.

கடைசியாக மார்க். புத்தகம்: ஜெயித்தவர்கள் மேல் கொஞ்சம் பட்சபாதம் இருந்தாலும் கட்டாயம் படிக்கலாம். படம்: ஒளிப்பதிவு அபாரம், எடிட்டிங் மோசம், வசனம் தப்பு. வசனத்தை மட்டும் மாற்றினால் போதும். 'அல்ஸைமர்' என்பதை அடித்துவிட்டு 'இவருக்கு அமிலாய்டு இருக்கிறது' என்று எழுதுங்கள். அடுத்த வரியில் அவர் வயதைப் போடுங்கள். அதற்கடுத்த வரியில், ஞாபகப் பரீட்சையில் அவர் வாங்கிய மார்க்கைப் போடுங்கள். ஸிஸ்டர் மேரிக்கு அது 30-க்கு 27.